வரம்புக்குள் ஒரு வேகம்

பழவேற்காட்டிலிருந்து விடியற்காலையில் மீன் ஏற்றி வரும் மூன்று சக்கர வண்டியை நாம் அனைவரும் அறிவோம். ‘ஆப்பே’ என்பது அதன் பெயர். இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குத் தேனீ என்று பொருள். பெயருக்கேற்ப ஓயாது உழைக்கும் வண்டி அது. ஐஸ் உருகிய நீர் வழிய, நண்டும் இறாலும் நிறைந்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு நாள்தோறும் நம் சாலைகளில் ஓடுகிறது. அதனை உருவாக்கும் பியாஜியோ நிறுவனத்தின் தொழிற்சாலை மகாராஷ்டிர மாநிலத்துப் பாராமதியில் இருக்கிறது. அதே பாராமதியில் இன்னொரு வண்டியும் பிறக்கிறது. அதில் சுமை ஏற்ற இடமில்லை. பின்னால் உட்காருபவர்கூட ஒடுங்கித்தான் உட்கார வேண்டும். ஓடுவதற்கென்றே பிறந்த அந்த வண்டியின் பெயர் ஏப்ரிலியா ஆர்.எஸ். 457.

அனுப்பம்பட்டிலிருந்து பொன்னேரி ரயிலில் ஒரே ஒரு நிலையம். அந்தச் சில நிமிடங்களில் எங்கள் நண்பர் குழாம் பேசித் தீர்க்கும் பொருள்களில் முதலிடம் மோட்டார் சைக்கிளுக்கே. எந்த வண்டியின் பெயரை எடுத்தாலும் உடனே எழும் கேள்வி, “எத்தனை போகும்?” என்பதுதான். அது இயல்பான கேள்வியே. ஆனால் ஒரு வண்டியின் சிறப்பை அந்த ஒரு கேள்வியால் அளந்துவிட முடியாது என்பதை இந்த இத்தாலிய வண்டியைப் பற்றிப் படிக்கப் படிக்க உணர்ந்தேன். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில், நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பிறந்த வீடு

ஏப்ரிலியாவின் தாயகம் இத்தாலியின் வடகிழக்கிலுள்ள நொவாலே என்னும் சிற்றூர். வெனிஸ் நகரம் அதற்கு அருகில் உள்ளது. நம் பழவேற்காட்டைப் போலவே வெனிஸும் ஓர் உப்பங்கழியோடு ஒட்டி வாழும் ஊர். படகும் மீனும் அங்கும் வாழ்க்கையின் பகுதி. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் அல்பெர்ட்டோ பெஜியோ என்பவர் நொவாலேயில் ஒரு சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1968இல் அவர் மகன் இவானோ பெஜியோ பொறுப்பேற்றதும் சைக்கிள் தொழிற்சாலை மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையாக வளர்ந்தது. 1987இல் லோரிஸ் ரெஜியானி என்னும் வீரர் 250 சி.சி. பிரிவில் இந்நிறுவனத்துக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியைத் தேடித் தந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வாலென்டினோ ரோஸி தம் முதல் உலகப் பட்டத்தை 1997இல் வென்றதும் ஏப்ரிலியாவின் 125 சி.சி. வண்டியில்தான். 2004இல் ஏப்ரிலியா பியாஜியோவின் உடைமையாயிற்று. தேனீயும் பந்தயக் குதிரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளான கதை இதுவே.

பந்தயம் நமக்கும் அந்நியமானது அன்று. நமக்கு அண்டையிலுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், 1950களிலிருந்து 1980கள் வரை மோட்டார் பந்தயங்கள் நடந்தன. நாடெங்குமிருந்து வீரர்கள் வந்தார்கள். பின்னர் 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை அமைந்தது. நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் சோழவரத்து ஓசையைப் பற்றி இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள்.

சட்டம் போட்ட வேலி

ஆர்.எஸ். 457 வண்டி 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகுக்கு அறிமுகமானது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் அதன் விலை 4,10,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது; பதிவுக் கட்டணமும் காப்பீடும் தனி. இதன் எஞ்சின் தரும் உயர்ந்த அளவு ஆற்றல் 35 கிலோவாட். குதிரைத் திறனில் சொன்னால் ஏறத்தாழ 47.6. உலகப் பட்டங்கள் வென்ற நிறுவனம், ஏன் இந்த அளவோடு நின்றது? இன்னும் கூட்ட முடியாதா?

முடியும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு சட்டம் உண்டு. 2013 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, அங்கே 18 வயது நிரம்பிய இளைஞருக்கு ‘ஏ-2’ என்னும் உரிமம்தான் கிடைக்கும். அந்த உரிமத்தோடு ஓட்டும் வண்டியின் ஆற்றல் 35 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. அதோடு, வண்டியின் எடையில் கிலோவுக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேலும் போகக் கூடாது. ஈராண்டுகள் அந்த வகை வண்டியை ஓட்டிப் பழகிய பிறகே பெரிய வண்டிக்கான உரிமத்தை நாடலாம்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெட்ரோல், எண்ணெய் எல்லாம் நிரப்பிய நிலையில் ஆர்.எஸ். 457இன் எடை 175 கிலோ. 175ஐ 0.2ஆல் பெருக்கினால் வருவது 35. இரண்டு வேலிகளையும் மிகச் சரியாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறது வண்டி! ஏ-2 உரிமத்துக்காரர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட வண்டி இது. ஆற்றலைக் கூட்ட வழியில்லை என்று ஆகிவிட்டபோது, பொறியாளர்களின் திறமையெல்லாம் வேறு திசைகளில் திரும்பியது. இருக்கும் ஆற்றலை எப்படி இதமாகத் தருவது, வண்டியை எப்படி வளைவில் நிலைநிறுத்துவது, எப்படி விரைவில் நிறுத்துவது என்பவையே அந்தத் திசைகள். இந்த வண்டியின் தொழில்நுட்பச் சிறப்புகள் யாவும் அந்த வேலிக்குள் விளைந்தவையே.

எஞ்சின்: புல்லட்டோடு ஓர் ஒப்பீடு

சென்னைக்குப் போகும் நம் மின்சார ரயில் திருவொற்றியூரைக் கடக்கிறது. 1950களின் நடுவிலிருந்து ‘என்ஃபீல்டு புல்லட்’ பிறந்த ஊர் அது. பழைய 350 புல்லட்டில் ஒரே சிலிண்டர். அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் சென்று வரும் தொலைவு, அதாவது வீச்சு, 90 மில்லிமீட்டர். அது தந்த ஆற்றல் 18 குதிரைத் திறன்.

ஆர்.எஸ். 457இல் இரண்டு சிலிண்டர்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் 69 மில்லிமீட்டர். புல்லட்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் வீச்சோ 61.1 மில்லிமீட்டர்தான். உருளையின் கன அளவைக் காணும் பள்ளிக்கூடச் சூத்திரத்தில் இந்த எண்களை இட்டு, இரண்டால் பெருக்கிப் பாருங்கள். 457 கன சென்டிமீட்டர் வரும். வண்டியின் பெயரிலுள்ள எண் அதுவே.

வீச்சு குறைந்ததால் என்ன நன்மை? பிஸ்டன் சராசரியாக எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்பதற்கு உலோகமும் எண்ணெயும் ஓர் எல்லை வகுக்கின்றன. புல்லட் தன் முழு ஆற்றலைத் தரும்போது நிமிடத்துக்குச் சுமார் 5,600 சுற்றுகள் சுழன்றது. அப்போது பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 17 மீட்டர். ஆர்.எஸ். 457 முழு ஆற்றலைத் தருவது 9,400 சுற்றுகளில். அப்போதும் அதன் பிஸ்டன் வேகம் விநாடிக்குச் சுமார் 19 மீட்டர்தான். தாவும் தூரம் குறைந்ததால் சுற்று கூடியும் பிஸ்டன் அதிகம் அவதிப்படவில்லை. சுற்று கூடக் கூட, ஒரு நிமிடத்தில் எரியும் பெட்ரோல் கலவையும் கூடுகிறது. அதனால்தான் ஒரு லிட்டர் கொள்ளளவுக்குப் பழைய புல்லட் 52 குதிரைத் திறன் தந்தது என்றால், இது 104 தருகிறது. சரியாக இரு மடங்கு.

இவ்வளவு விரைவாகச் சுழலும் எஞ்சினில் காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள் வைத்து, அவற்றை இயக்க எஞ்சினின் தலையிலேயே இரண்டு கேம் தண்டுகளை அமைத்திருக்கிறார்கள். பிறக்கும் வெப்பமும் அதிகம் என்பதால் வெறும் காற்றால் குளிர்விப்பது போதாது. ரேடியேட்டர் வழியாகக் குளிர்விக்கும் திரவம் சுற்றி வருகிறது.

முறுக்கு விசையைப் பற்றியும் ஒரு சொல். இதன் உச்ச முறுக்கு விசை 43.5 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது 6,700 சுற்றுகளில். முறுக்கு விசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கினால் ஆற்றல் வரும் என்பது நாம் வகுப்பில் படித்ததே. அவ்விடத்தில் ஆற்றல் 30.5 கிலோவாட். அதற்கு மேல் முறுக்கு விசை மெல்லக் குறைந்தாலும், சுற்று ஏறுவதால் ஆற்றல் 35 வரை உயர்கிறது. வண்டியை முன்னே இழுப்பது முறுக்கு விசை. எவ்வளவு விரைவில் அந்த வேலை முடிகிறது என்பதைச் சொல்வது ஆற்றல்.

270 பாகை என்னும் நுட்பம்

இரண்டு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் தண்டில் மாட்டப்பட்டுள்ளன. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குமாறு அமைக்கலாம். ஒன்று ஏறும்போது மற்றது இறங்குமாறும் அமைக்கலாம். இரண்டு முறையிலும் ஒரு குறை உண்டு. பிஸ்டன் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. இரண்டு பிஸ்டன்களும் ஒரே கணத்தில் நின்று, ஒரே கணத்தில் பாய்ந்தால், கிராங்க் தண்டு அந்த அசைவுக்கு ஏற்பச் சற்றே தயங்கியும் துள்ளியும் சுழலும்.

ஆர்.எஸ். 457இல் கிராங்க் முனைகள் 270 பாகை இடைவெளியில் உள்ளன. ஒரு பிஸ்டன் எல்லையில் நிற்கும்போது மற்றது பாதி வழியில் விரைந்துகொண்டிருக்கும். ஏற்றம் இறைக்கும்போது ஒருவர் ஓய்கையில் மற்றவர் உழைப்பது போன்ற ஏற்பாடு. அதனால் சுழற்சியின் தயக்கம் குறைகிறது. வலது கை திருகும் அளவுக்கும் பின் சக்கரம் பெறும் விசைக்கும் உள்ள உறவு ஓட்டுபவருக்குத் தெளிவாகப் புலப்படுகிறது. வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழாமல் 270, 450 பாகை என மாறி மாறி நிகழ்வதால், அதன் ஒலியும் தாளம் மாறிய ‘தட தட’ ஒலியாக இருக்கும். அந்த ஒலியை அலங்காரத்துக்காகச் சேர்த்ததாகச் சிலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அமைப்பின் விளைவு.

எலும்பும் தசையும்

நாம் வழக்கமாகக் காணும் வண்டிகளின் சட்டம் எஃகுக் குழாய்களால் ஆனது. ஆர்.எஸ். 457இன் சட்டம் அலுமினியத்தால் ஆனது. எஞ்சினை இரு பக்கமும் தழுவிச் செல்லும் இரண்டு தடித்த கைகள் போன்றது அது. எஞ்சினும் சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. சட்டத்தின் ஓர் உறுப்பாக நின்று தானும் பளுவைத் தாங்குகிறது. அதனால் தனியாக ஒரு தொட்டிற் சட்டம் தேவைப்படவில்லை, எடை மிச்சம். திரவங்கள் எதுவும் இல்லாத நிலையில் வண்டியின் எடை 159 கிலோதான்.

முன்புறம் 41 மில்லிமீட்டர் தடிமனுள்ள தலைகீழ் ஃபோர்க் இருக்கிறது. தடித்த பகுதி மேலே, மெல்லிய பகுதி கீழே. திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வளையும் விசை மிகுதியாக விழுவது மேற்பகுதியில்தான். ஆகவே அங்கே உறுதியை வைத்தார்கள். சக்கரங்கள் இரண்டும் 17 அங்குலம். டயர்களில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. மதுரையைத் தாயகமாகக் கொண்ட டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனத்தின் ‘யூரோகிரிப்’ டயர்களே இந்த இத்தாலிய வண்டியின் கால்கள். வண்டி முழுவதும் தரையைத் தொடும் இடம் அந்த இரண்டு டயர்களின் சிறு பரப்புகள் மட்டுமே. எஞ்சினின் ஆற்றலும் பிரேக்கின் பலமும் அந்த இடத்தின் பிடிப்புக்கு உட்பட்டவையே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

நிறுத்தும் கலை

இந்த வண்டியின் முன் பிரேக் தட்டு 320 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. அதைப் பிடிக்க நான்கு பிஸ்டன்கள் கொண்ட காலிப்பர். பின் தட்டோ 220 மில்லிமீட்டர்தான். ஏன் இந்த வேறுபாடு?

வண்டி நிற்க முற்படும்போது அதன் பளு முன்னால் சாய்கிறது. பேருந்து திடீரென்று நிற்கும்போது நாம் முன்னே சாய்வதில்லையா, அது போலத்தான். ஆர்.எஸ். 457இன் இரு சக்கர அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 1.35 மீட்டர். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், தொடக்கத்தில் இரு சக்கரங்களும் பளுவைச் சரிபாதியாகத் தாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். உலர்ந்த நல்ல தார்ச்சாலையில் பலமாகப் பிரேக் பிடித்தால், பளுவில் 86 விழுக்காடு முன் சக்கரத்தின் மேல் போய்விடும். பின் சக்கரத்துக்கு மிஞ்சுவது 14 விழுக்காடு. பளு இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? அதை எவ்வளவு மிதித்தாலும் வழுக்குமே தவிர நிற்காது.

இதை நான் வெறும் கணக்காக எழுதவில்லை. எங்கள் பக்கத்து ஊரில் 19 வயது இளைஞன் ஒருவன் சாலையில் மாண்டான். அவன் ஓட்டியது பந்தய வண்டி அன்று. நாம் அன்றாடம் பார்க்கும் 150 சி.சி. வண்டிதான். துக்கம் கேட்கப் போயிருந்தபோது அவன் நண்பர்கள் சொன்னார்கள்: “அவன் முன் பிரேக்கைத் தொடவே மாட்டான், தொட்டால் கவிழ்ந்துவிடும் என்று பயம்.” சாலையில் அவன் டயர் இழுபட்ட கறுப்புக் கோடு நீளமாக இருந்தது. பின் டயர் விட்ட கோடு அது. முன் பிரேக்கைப் பதற்றத்தில் சட்டென்று இறுக்கினால் வழுக்கும் என்பது உண்மை. படிப்படியாக இறுக்கினால் உயிரைக் காப்பதும் அதுவே. இந்த உண்மையை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மின்னணுக் காவலர்கள்

பதற்றத்தில் கை இறுக்குவதைத் திருத்தத்தான் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு வந்தது. சக்கரத்தோடு சுழலும் பல் வளையத்தை ஓர் உணர்வி கண்காணிக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தவுடன் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தி, மறுகணம் மீண்டும் கொடுக்கிறது. இப்படி ஒரு விநாடியில் பல முறை. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கெல்லாம் இது கட்டாயம். ஆர்.எஸ். 457இல் இரு சக்கரங்களுக்கும் உண்டு.

இதன் மறுபக்கம் இழுவைக் கட்டுப்பாடு. ஈரத்திலோ மணலிலோ பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட விரைந்து சுழன்றால், எஞ்சினின் விசையை அது குறைத்துவிடும். இந்த வண்டியில் அதற்கு மூன்று நிலைகள் உள்ளன. ஆக்ஸிலேட்டர் கம்பியும் கிடையாது. கை திருகும் அளவை ஓர் உணர்வி படித்துச் சொல்ல, கணிப்பொறி ஆராய்ந்து, ஒரு சிறு மோட்டார் காற்று வழியைத் திறக்கிறது. அதனால்தான் சிக்கனம், மழை, பந்தயம் என மூன்று குணங்களை ஒரே வண்டிக்குத் தர முடிகிறது. பொத்தானை அழுத்தினால் ஒரே திருகலுக்கு வண்டி வேறு வேறு வகையில் பதில் சொல்லும்.

காவலர்கள் காவல்தான் காப்பார்கள். இயற்கையின் விதியை மாற்ற அவர்களால் ஆகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்தபின் நிற்க ஏறத்தாழ 18 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 17 மீட்டர் ஓடிவிடும். ஆக 35 மீட்டர். வேகத்தை 120 ஆக்கினால் இயக்க ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. நிற்க 71 மீட்டர், கண்டு உணர 33 மீட்டர், மொத்தம் 104 மீட்டர். பிடிப்பு பாதியாகிவிட்ட ஈரச் சாலையிலோ 60இல் போனாலே 50 மீட்டருக்கு மேல் வேண்டும். பழவேற்காட்டுச் சாலையில் காற்று வாரி இறைத்த மணலின் மேல் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

நமக்குரிய வேலி

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 18 வயது நிரம்பி, கியர் வண்டிக்கு உரிமம் பெற்றவர் எந்த ஆற்றலுள்ள மோட்டார் சைக்கிளையும் ஓட்டலாம். 35 கிலோவாட் என்ற வேலி நமக்குக் கிடையாது. ஐரோப்பிய இளைஞனுக்குச் சட்டம் படிப்படியாகக் கட்டித் தரும் வரம்பை, இங்கே ஒவ்வோர் இளைஞனும் தானே தனக்குக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உரிமை பெரிதாக இருக்கும் இடத்தில் பொறுப்பும் பெரிதாகிறது.

வேகத்தை விரும்பாதீர்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு வயதும் இல்லை, மனமும் இல்லை. ஆர்.எஸ். 457 போன்ற ஒரு வண்டியைக் கண்டு உள்ளம் துள்ளாத இளமை என்ன இளமை! ஆனால் அந்த வண்டி நமக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. வரம்பு இருந்ததால் அது தாழ்ந்துவிடவில்லை. வரம்பை ஏற்றுக்கொண்டதனால்தான் சமநிலையும் இலேசான உடலும் நிறுத்தும் திறனும் அதற்கு வாய்த்தன.

வீட்டிலிருக்கும் 100 சி.சி. வண்டியும் அதே விதிகளுக்கு உட்பட்டதுதான். எனவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஒரு திடலுக்கு உங்கள் வண்டியை எடுத்துச் செல்லுங்கள். தலைக்கவசம் அணிந்து, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்படாமல், இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து மெல்ல மெல்ல இறுக்கி நிறுத்திப் பழகுங்கள். நின்ற தூரத்தைக் காலடியால் அளந்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். “எத்தனை போகும்?” என்று கேட்பவரிடம் அந்தத் தாளைக் காட்டி, “இத்தனையில் நிற்கும்” என்று சொல்லுங்கள்.